தார்க் கோடும் சுண்ணாம்புக் கோடும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. முதல் செட்டில் "வெளியே போகிறது" என்று அண்ணி அடிக்காமல் விட்ட பந்துகள் கோட்டுக்குள் விழுந்தன. ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. வரிசையாக விழுந்தன.

2. அதன் பிறகு அண்ணி எதையும் விடவில்லை. உண்மையாகவே வெளியே போன பந்துகளையும் துரத்திப் போய் அடித்து, நெட்டில் மாட்டி, எதிரணிக்குப் புள்ளி வாங்கிக் கொடுத்தார்.

3. செட் போனது.

4. இடைவேளையில் அண்ணி பேட்டை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். ஆட்டம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

5. நான் என் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நடுவரிடம் போனேன்.

6. நடுவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்னம்மா, எடத்தை அளந்து கிரயம் பண்ணப் போறீங்களா?" என்றார்.

ஐந்தாவதில்தான் எல்லாம் திரும்பியது. ஆனால் நாலாவது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

விளையாட்டு பூப்பந்து. பெயரைக் கேட்டதும் பலர் இறகுப்பந்தை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. இது கம்பளி நூலால் ஆன மஞ்சள் பந்து, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. திறந்தவெளியில் ஆடுவது. காற்று வீசினால் பந்து தன் இஷ்டத்துக்கு வளையும். பக்கத்துக்கு ஐந்து பேர்: முன்னால் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர். பந்து தரையைத் தொட்டால் புள்ளி போச்சு. கோட்டின் மேல் விழுந்தாலும் உள்ளே விழுந்ததாகத்தான் கணக்கு.

பின்னால் நிற்பவர்களின் வேலையில் பாதி அடிப்பது, மீதிப் பாதி அடிக்காமல் இருப்பது. பார்ப்பவர்கள் கைதட்டுவது முதல் பாதிக்கு. ஆட்டம் ஜெயிப்பது பெரும்பாலும் இரண்டாவதில். உயரமாக வரும் பந்து தலைக்கு மேலே போகும்போது, இது எல்லைக் கோட்டைத் தாண்டுமா தாண்டாதா என்று முடிவு செய்ய வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. யோசித்தால் பந்து போய்விடும். அந்த நொடியில் முடிவெடுப்பது மூளை என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில், அதற்கு முன் நாம் பார்த்த ஆயிரக்கணக்கான பந்துகள் கூடி முடிவெடுக்கின்றன. நமக்குத் தகவல் மட்டும் வருகிறது.

எங்கள் அணியில் பின்னால் நிற்பது நானும் அண்ணியும். அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. சேந்தமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் டிசைன் இன்ஜினியர். சேஸிஸ் வந்து நின்றால் டேப்பைப் பிடித்து அளப்பேன், கம்ப்யூட்டரில் வரைவேன், கட்டி முடித்த பிறகு மறுபடி அளப்பேன். நடுவில் நிற்பவர் எங்கள் கேப்டன். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரி ஒன்றின் லேபில் மாவின் தரம் பார்ப்பவர். முன்னால் நிற்பவர்கள் தையல் கடை வைத்திருக்கும் அக்கா தங்கை. இவர்கள் இருவரும் ஆட்டத்தின் நடுவிலும் சண்டை போடுவார்கள். சண்டை போட்டுக்கொண்டே பந்தையும் அடித்துவிடுவார்கள்.

மொத்தம் ஐந்து பெண்கள். ஆறாவது ஆள் கிடையாது. அண்ணி உறைக்குள் போட்ட பேட் உறைக்குள்ளேயே இருந்துவிட்டால் அணி இல்லை.

அண்ணி கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். அப்போது அவர் விட்ட பந்து விட்டதுதான், நடுவர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று அவருடைய பழைய தோழிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்யாணம், குழந்தை, வேலை என்று ஆட்டம் நின்றுபோனது. யாரும் தடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது, எங்கள் வீட்டில் அட்டாலி என்று சொல்லும் பரணில் ஏறிச் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்த நான் அந்த பேட்டைப் பார்த்தேன். பழைய மிக்சிக்கும் உடைந்த நடைவண்டிக்கும் நடுவில் கிடந்தது.

"அண்ணி, இது யாருதுங்க?"

"என்னுதுதான். கீழ போட்டு ஒடச்சுராத."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் இறக்கிய சாமான்களை எல்லாம் மறுபடி ஏற்றியபோது பேட் மட்டும் மேலே போகவில்லை. அடுத்த வாரம் சேகோ ஃபேக்டரிக் களத்துக்கு அவரை அழைத்துப் போனேன். ஐந்தாவது ஆள் இல்லாமல் நாங்கள் நால்வர் அங்கே சும்மா தட்டிக்கொண்டிருந்த காலம் அது.

களம் என்றால் ஜவ்வரிசி காயப்போடும் சிமெண்ட் தரை. காலையில் வெள்ளை வெளேரென்று பரப்பியிருப்பார்கள். பொழுது சாயும்போது கூட்டி அள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு களம் எங்களுடையது. மரவள்ளிக்கிழங்குப் பாலின் புளித்த வாடை முதல் பத்து நிமிடம் மூக்கைப் பிடிக்கும். பிறகு இல்லாத மாதிரி ஆகிவிடும். நெட் கம்பங்கள் இரண்டையும் பழைய லாரி வீல் டிஸ்கில் வெல்டிங் வைத்து நிறுத்தியிருந்தோம். அது என் ஏற்பாடு. கோடு போடுவதில்தான் சிக்கல் வந்தது. முதலாளி நல்ல மனுஷர், ஆனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆடுங்க சாமி, யாரு வேண்டாங்கறா. பெயிண்டு மட்டும் ஆகாது. நாளைக்கு ஜவ்வரிசில பெயிண்டு வாசம் அடிச்சா எவன் வாங்குவான்? பாயசத்துல பச்சைப் பெயிண்டு வாசம் வந்தா என்னையத்தான வைவாங்க?"

சுண்ணாம்புத் தூளும் அதே காரணத்தால் ஆகாது. அப்போது கேப்டன் தரையைக் காட்டினார். அந்தக் களம் கட்டம் கட்டமாக வார்த்தது. கட்டங்களுக்கு நடுவில் தார் ஊற்றிய இடைவெளிகள், வெள்ளைத் தரையில் பளிச்சென்று கறுப்பாக, நூல் பிடித்தது போல நேராக ஓடின.

"கோடு ஏற்கெனவே போட்டுத்தானுங்க கெடக்குது. எதுக்குப் பெயிண்டு?" என்றார் கேப்டன்.

எல்லோருக்கும் பிடித்துப்போனது. இரண்டு முனையிலும் சரியாக வரும் போலத் தெரிந்த தார்க் கோடுகளை எல்லை என்று வைத்துக்கொண்டோம். யாரும் அளக்கவில்லை. கேப்டன் நான் அளந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார், ஏனென்றால் நான் எதையும் அளப்பவள். நான் கேப்டன் அளந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் அது அவருடைய களம். தையல்காரச் சகோதரிகள், அளவு எடுப்பதே தங்கள் பிழைப்பாக இருந்தும், நாங்கள் இருவரும் இருக்கும்போது தங்களுக்கென்ன என்று இருந்துவிட்டார்கள். ஐந்து பேரில் நான்கு பேர் தினமும் அளவோடு வேலை செய்பவர்கள். அளவில்லாமல் ஒரு கோர்ட்டை அமைத்துவிட்டு இரண்டு வருடம் ஆடினோம்.

அந்தக் களத்தில் அண்ணி மெல்ல மெல்லப் பழைய ஆட்டத்துக்கு வந்தார். முதல் மாதம் மூச்சு வாங்கியது. மூன்றாவது மாதம் எங்களுக்கு மூச்சு வாங்க வைத்தார். பந்தை விடுவதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. பின்னால் நிற்கும் இருவரில் யார் முதலில் கணிக்கிறாரோ அவர் "உடு!" என்று கத்த வேண்டும். நான் அண்ணியைப் பார்த்து அப்படிக் கத்துவதை ஒரு நாள் அண்ணன் கேட்டுவிட்டான்.

"என்னடி இது, ஊட்ல 'வாங்க அண்ணி போங்க அண்ணி'ங்கற, இங்க வந்து 'உடு புடு'ங்கற?"

கேப்டன்தான் பதில் சொன்னார். "ஏனுங்க, பந்து நிக்குமுங்களா, மரியாதை குடுத்து முடிக்கற வரைக்கும்?"

களத்தில் எல்லாம் சரியாக இருந்தது. வெளியே போட்டிக்குப் போனால்தான் எல்லாம் தவறாகப் போனது. முதல் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். காரணம் காற்று என்றோம். இரண்டாவது போட்டியிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். காரணம் பந்து புதுசு என்றோம். தங்கை மட்டும், காலையில் அக்கா வற்புறுத்தி ஊட்டிய பொங்கல்தான் காரணம் என்றாள். இரண்டு தடவையும் நிஜக் காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை: அண்ணி விட்ட பந்துகள் உள்ளே விழுந்தன. நான் விட்டவையும் விழுந்தன. ஆனால் நான் எப்போதுமே சுமாரான ஆட்டக்காரி என்பதால் அது செய்தியாகவில்லை.

அண்ணி தனக்குக் கண் போய்விட்டது என்று முடிவு கட்டினார். நாமக்கல்லில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டார். கடைக்காரர் எழுத்துகளை எல்லாம் படிக்கச் சொல்லிவிட்டு, கண் பிரமாதமாக இருக்கிறது, கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடை வாசலிலேயே எனக்குப் போன் வந்தது.

"கண்ணு நல்லா இருக்குதாமா, அம்மிணி."

"நல்லதுதானுங்களே அண்ணி?"

"என்ன நல்லது? கண்ணு நல்லா இருந்தும் தெரியலைன்னா மூளைதான கெட்டுருக்கோணும்? அதுக்குக் கண்ணாடி விக்கறாங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: எருமப்பட்டிப் பக்கம் நடக்கப்போகும் போட்டிதான் கடைசி. "இந்தத் தடவையும் மொத மேட்சுல வெளிய வந்தா பேட்டை அட்டாலில போட்டுருவேன். நம்மால நாலு பேரு தோத்துட்டே இருக்கறதுக்கு நாம எதுக்கு?"

அண்ணன் அவன் பாணியில் ஆறுதல் சொன்னான். "சரி உடு. அட்டாலில எடம் இருக்குது. அந்த மிக்சிய எடுத்துட்டாத் தாராளமா இருக்குது."

அண்ணி அவனுக்கு அடுத்த தோசையைப் போடவில்லை.

எனக்கு இதில் இரண்டு கவலை. அணி போய்விடும் என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, அவர் தன்னைப் பற்றி எடுத்த முடிவு. ஒரு ஆள் ஆட்டத்தை விடுவது வேறு, தன் கண்ணையும் புத்தியையும் நம்ப முடியாது என்று தீர்மானித்து விடுவது வேறு. அப்படி முடிவு செய்தவர் அதைக் களத்திலேயே வைத்துவிட்டு வர மாட்டார். வீட்டுக்கும் கொண்டு வருவார். ஏற்கெனவே கொண்டு வர ஆரம்பித்திருந்தார். ஸ்கூட்டியைத் திருப்பும்போது, "பின்னால எவ்வளவு எடம் இருக்குது, நீயே பார்த்துச் சொல்லு" என்று என்னைக் கேட்டார். அதற்கு முன் என்னிடம் அப்படிக் கேட்டவர் இல்லை.

இந்த இடத்தில்தான் எருமப்பட்டிப் பக்கத்துப் பள்ளி மைதானமும், தோற்ற முதல் செட்டும், உறைக்குள் போன பேட்டும் வருகின்றன.

அண்ணி ஜிப்பை இழுத்தபோது நான் யோசித்தது ஒன்றுதான். ஒருவர் தவறு செய்தால் முன்னே பின்னே தவறு செய்வார். சில பந்தை உள்ளே இருக்கும்போது விடுவார், சில பந்தை வெளியே போகும்போது அடிப்பார். அண்ணி ஆரம்பத்தில் விட்டவை எல்லாமே ஒரே மாதிரி, கோட்டுக்குச் சற்று உள்ளே, ஏறக்குறைய ஒரே தூரத்தில் விழுந்தன. பட்டறையில் பத்து துண்டு வெட்டி பத்தும் ஒரே அளவு குறைந்தால் வெட்டியவரை யாரும் திட்ட மாட்டோம். டேப்பைத்தான் பார்ப்போம். டேப்பின் நுனிக் கொக்கி வளைந்திருக்கும்.

ஆகவே எனக்குச் சந்தேகம் போட்டி நடத்தியவர்கள் மேல் வந்தது. கோர்ட்டைப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள்!

நடுவர் ஏதோ ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியர், தொப்பி, விசில், ரொம்பப் பொறுமை. நான் நீளம் சரியில்லை என்று சந்தேகிப்பதாகச் சொன்னதும் எங்கள் கேப்டன் என் பின்னால் வந்து, "ஆமாங்க, எங்க இன்ஜினியரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று உறுதி கூறினார். அந்த உறுதியை அவர் இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்துக் கூறியிருக்கலாம்.

"நான் காத்தால வந்து நின்னு போட்ட கோடும்மா. இருந்தாலும் அளந்துக்கங்க" என்று சொல்லி, நடுவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நெட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தார். நான் எல்லைக் கோட்டில் குனிந்தேன். எதிரணிப் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

நெட்டிலிருந்து எல்லைக் கோடு பன்னிரண்டு மீட்டர் இருக்க வேண்டும். பன்னிரண்டு மீட்டர் இருந்தது. சுண்ணாம்புக் கோட்டின் வெளி விளிம்பில், முடிகூடப் பிசகாமல்.

"திருப்திங்களா?" என்றார் நடுவர்.

"திருப்திங்க சார்."

எதிரணியில் ஒரு பெண், "அக்கா, அப்படியே எங்க ஊட்டுக் காலி எடத்தையும் அளந்து குடுத்துட்டுப் போங்க" என்றாள். டேப் சுருண்டு உள்ளே போகும் சத்தம் அன்றைக்குக் கேட்ட அளவுக்கு வேறு என்றைக்கும் எனக்குக் கேட்டதில்லை.

திரும்பி நடந்து வரும்போதுதான், இந்தக் கோர்ட் சரியென்றால் தப்பான டேப் எது என்ற கேள்வி வந்தது. கூடவே ஒரு லாரியும் ஞாபகத்துக்கு வந்தது. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் வண்டி ஒன்று சில வாரங்களுக்கு முன் எங்கள் களத்தின் ஓரத்தில் நின்றது. எங்கள் பட்டறையில் கட்டிய வண்டி, நானே வரைந்தது. தலையிலிருந்து வால்வரை பதினொன்றரை மீட்டர்; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதன் முன் பம்பர் நெட் கம்பத்துக்கு நேராக இருந்தது. பின் பம்பர் எங்கள் தார்க் கோட்டுக்கு நேராக இருந்தது. என்ன அழகாகப் பொருந்தி நிற்கிறது என்று அன்றைக்கு ரசித்துவிட்டு ஆட்டத்துக்குப் போய்விட்டேன்.

அண்ணி மரத்தடியில் உறையோடு பேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, உங்க கண்ணு சரியாத்தான் இருக்குதுங்க. மூளையும் சரியாத்தான் இருக்குது. நம்ம களந்தான் ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டர் குட்டை."

அவர் என்னைப் பார்த்தார். கேப்டனைப் பார்த்தார். கேப்டன் சட்டென்று ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தார்.

"யாரும் அளக்கலியா?"

"இவ அளந்திருப்பான்னு..." என்று கேப்டன் இழுத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் துணி அளக்கறவங்கதான?" என்று சகோதரிகள் பக்கம் திரும்பினார் அண்ணி.

"எங்கள யாருமே கேக்கலீங்களே" என்றாள் தங்கை.

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், தோள் குலுங்க. "ரெண்டு வருசமா நெட்டு கிட்டக்க இருக்கற மாதிரியேதான் எனக்குத் தெரிஞ்சுது. நான் குண்டாயிட்டேன், அதான் அப்படித் தெரியுதுன்னு நெனச்சு ராத்திரிச் சோத்தைக் கொறச்சேன்! கண்ணாடிக் கடைக்காரன்ட்ட வேற சண்டை போட்டுட்டு வந்தேன்!"

ஜிப் திறந்தது.

எனக்குத் தெரிந்து அவருக்கு மூன்று வழிகள் இருந்தன, சொன்னேன். எந்தப் பந்தையும் விடாமல் எல்லாவற்றையும் அடிப்பது; கால் தாங்காது. அரை மீட்டர் பின்னால் தள்ளி நிற்பது. முன்னால் விழும் பந்துக்குப் போய்ச் சேர முடியாது. நான் கணித்து "உடு" சொல்வது. நானும் அதே களத்தில் பழகியவள், என் கணக்கும் அதே அளவு தப்பு.

"இன்னொண்ணு இருக்குது" என்றார் அண்ணி. "காலேஜ் கோர்ட்டு எனக்கு நெனப்பு இருக்குது. அது அளந்த கோர்ட்டு."

அவர் போய் எல்லைக் கோட்டில் நின்று நெட்டைப் பார்த்தார். கண்ணை மூடினார். திறந்தார். ஒரு காலை நகர்த்தினார். நெட் எவ்வளவு சின்னதாகத் தெரிய வேண்டும், எதிரே நிற்பவரின் இடுப்பு அதில் எங்கே வர வேண்டும் என்று பார்த்ததாகப் பிறகு சொன்னார். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, இந்த அணிக்கு இன்னும் என்னென்ன சடங்குகள் இருக்கின்றனவோ என்பது போல் காத்திருந்தார்.

நானும் கேப்டனும் எங்களுக்குத் தனியாக ஒன்று சொல்லிக்கொண்டோம்: ஆழமாகப் போட நினைக்கும் பந்தை இன்னும் கொஞ்சம் சேர்த்து அடிப்பது. இரண்டு வருடமாக நாங்கள் ஆழம் என்று நினைத்துப் போட்டதெல்லாம் எதிராளிக்கு வசதியான இடம்.

இரண்டாவது செட்டில் அண்ணி விட்ட முதல் பந்து இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உயரமாக, காற்றில் லேசாக வளைந்து, எங்கள் இருவருக்கும் நடுவே வந்தது. என் உடம்பு அடி என்றது. அரை மீட்டர் கணக்குத் தெரிந்த பிறகு என் உடம்பு எல்லாவற்றையும் அடி என்றது. பேட்டைத் தூக்கிவிட்டேன்.

"உடு!"

சத்தத்தில் கை தானாக இறங்கியது. பந்து தரையில் மோதியது. சுண்ணாம்பு கிளம்பவில்லை. கோட்டுக்கு ஒரு சாண் வெளியே. நடுவர் எங்கள் பக்கம் கையைக் காட்டினார். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய தோழிகள் சொன்ன ஆளை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அந்த செட்டை எடுத்தோம். சகோதரிகள் சண்டையை மறந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பிறகு யார் முதலில் காலை மிதித்தது என்று அதற்கும் சண்டை வந்தது.

மூன்றாவது செட் நன்றாகத்தான் ஆரம்பித்தது. வெயில் ஏறியது, கால் கனத்தது. அப்போது ஒரு விஷயம் தெரிந்தது. களைப்பு வந்தால், அண்மையில் பழகிய பழக்கம்தான் கைக்கு வருகிறது. கல்லூரிக் கோர்ட் பழையது, அதை நினைத்து நினைத்து வரவழைக்க வேண்டும். களத்துத் தார்க் கோடு யாரும் கூப்பிடாமலே வந்து நின்றது. என் பந்துகள் மறுபடி அரை மீட்டர் குறைந்து விழ ஆரம்பித்தன. கேப்டனுக்கு மட்டும் ஒரு பாதிப்பும் இல்லை. அவருக்கு விட்ட புள்ளி பந்தைப் பொறுக்குவதற்குள் மறந்துவிடும். எந்தக் கல்யாணத்தில் யார் எந்தப் புடவை கட்டியிருந்தார் என்பது மட்டும் மறக்காது. நல்ல ஆட்டக்காரர்களுக்கு மறதி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தெரிகிறது போல.

கடைசிப் பந்தில் எதிரணிக்கு ஒரே ஒரு புள்ளிதான் தேவைப்பட்டது. பந்து அண்ணியின் தலைக்கு மேலே போனது. அவர் பேட்டைத் தூக்கினார். தயங்கினார். இறக்கினார்.

கோட்டின் மேல் சுண்ணாம்பு ஒரு சிட்டிகை கிளம்பி அடங்கியது.

நெட்டுக்கு நடந்தோம். கைகுலுக்கினோம். முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிட்டோம், மூன்றாவது முறையாக. நான் அண்ணியின் பக்கம் பார்க்காமல் டேப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பைக்குள் அடுக்கினேன், ஏற்கெனவே அடுக்கியிருந்ததை எடுத்து மறுபடி அடுக்கினேன்.

எங்களை அழைத்து வந்திருந்த அண்ணன் வேனைக் கிட்டே கொண்டுவந்து நிறுத்தினான். என் அண்ணன் மகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அம்மா, ஜெயிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு செட்டு" என்றார் அண்ணி.

அண்ணன் மெல்லக் கேட்டான். கிண்டல் இல்லாமல் அவன் ஒன்றைக் கேட்பது அபூர்வம். "அப்புறம்... அந்த மிக்சிய எடுக்கோணுமா, வேண்டாமா?"

அண்ணி வேனில் ஏறி உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னார்.

"முன்னெல்லாம் பந்து உள்ள உழுந்தா ஏன் உழுந்துச்சுன்னே தெரியாது. கிறுக்குப் புடிச்ச மாதிரி இருக்கும். இன்னைக்குக் கடைசிப் பந்து உழும்போதே தெரிஞ்சு போச்சு, அட, தார்க் கோட்டுக்கு உட்டுட்டமேன்னு. எங்க தப்புன்னு தெரிஞ்ச பொறவு எதுக்கு அட்டாலி? மிக்சியே இருக்கட்டும்."

சற்றுப் பொறுத்து என் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் களத்தை அள. யாரோ அளந்திருப்பாங்கன்னு உட்காந்திராத."

மறுநாள் அளந்தேன். மற்ற நால்வரும் நின்று பார்த்தார்கள். அகலம் ஏறக்குறைய சரி. நீளம், ஒரு முனையில் அரை மீட்டர் குறைவு. மறுமுனையில் அதைவிட இரண்டு விரல் அதிகமாகவே குறைவு. முதலாளியும் வந்து டேப்பை எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தாரை நகத்த முடியாது சாமி. வேணும்னா நெட்டை நகத்திப் பாருங்களே" என்று யோசனை சொன்னார். நெட்டை நகர்த்தினால் ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் இன்னும் குறையும் என்று விளக்கினோம். "அட ஆமா" என்று சொல்லிவிட்டு லோடு பார்க்கப் போனார்.

தீர்வு தையல் கடையிலிருந்து வந்தது. அகலமான வெள்ளை நாடாவை நீளமாகத் தைத்து, முனைகளிலும் நடுவிலும் மணல் நிரப்பிய சிறு பைகளைக் கோத்துக் கொடுத்தார்கள் சகோதரிகள். களம் காலியானதும் விரிக்கிறோம், ஆட்டம் முடிந்ததும் சுருட்டுகிறோம். வெள்ளைத் தரையில் வெள்ளை நாடா தெரியவில்லை என்பது முதல் நாள்தான் புரிந்தது. இரண்டாவது நாடா சிவப்பு.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. தார்க் கோடு அங்கேயேதான் இருக்கிறது. சிவப்பு நாடாவுக்கு அரை மீட்டர் முன்னால், கறுப்பாக, நேராக, ரொம்ப நாள் பழகிய நம்பிக்கையோடு. கண் முதலில் அதைத்தான் பார்க்கிறது. கண்ணை நாடாவுக்கு நகர்த்த ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன முயற்சி தேவைப்படுகிறது. அந்த முயற்சி எப்போது நிற்கும் என்று அண்ணியிடம் கேட்டேன். "எத்தன பந்து தப்பாப் பார்த்தமோ, அத்தன பந்து சரியாப் பார்க்கோணும்" என்றார். கணக்குப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. விட்டுவிட்டேன். அண்ணி இப்போது ஸ்கூட்டியைத் தானே பார்த்துத் திருப்புகிறார். பின்னால் எவ்வளவு இடம் என்று என்னைக் கேட்பதில்லை.

இன்றைய நிலை இது. வாரத்தில் நான்கு நாள் பயிற்சி நடக்கிறது. ஓமலூரில் நடக்கப்போகும் போட்டிக்கு ஐந்து பேரின் பெயரும் கொடுத்தாயிற்று. நேற்று அண்ணி விட்ட பந்துகளில் இரண்டு உள்ளே விழுந்தன, மற்றவை வெளியே. நான் விட்டவற்றைப் பற்றிக் கேப்டன் பேச வேண்டாம் என்றார். பேட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. மிக்சி அட்டாலியில் இருக்கிறது.